அவள் மட்டும் சுமக்க வேண்டியதில்லை

கேள்வி: என் தங்கை மகனுக்கு 2 வயது 4 மாதம் ஆகிறது. நன்றாக ஓடி விளையாடுகிறான். ஆனால் ஒரு சொல்கூடப் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார் என்கிறார்கள் அவள் புகுந்த வீட்டார். அவள் வேலைக்குப் போவதே காரணம் என்று பழிப்பவர்களும் உண்டு. தினமும் தொலைபேசியில் அழுகிறாள். அக்காவாக நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாய் வேலைக்குப் போவதால் குழந்தைக்கு வளர்ச்சித் தாமதம் வருவதில்லை. இதைத் தங்கையிடம் தனியே சொல்வதோடு நில்லாமல், அவளைப் பழிப்பவர்கள் இருக்கும் இடத்திலும் நீங்கள் சொல்ல வேண்டும். அவளே சொன்னால் அது சாக்குப்போக்காகவே எடுத்துக்கொள்ளப்படும்.

மூன்று வயது வரை பொறுத்திருக்கலாம் என்பதை மட்டும் ஏற்காதீர்கள். இரண்டு வயதில் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவார்கள். அழைத்தும் திரும்பாத குழந்தைக்கு முதலில் செவித்திறனைப் பார்க்க வேண்டும். கதவு அறையும் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறான் என்பதை வைத்துக் காது நன்றாக இருப்பதாக முடிவு செய்துவிட முடியாது; சில ஒலிகள் மட்டும் கேட்காத குறையும் உண்டு. குழந்தை உறங்கும்போதே செய்யப்படும் ‘பெரா’ என்னும் செவித்திறன் பரிசோதனை இதைத் தெளிவாக்கும். காதில் குறையில்லை என்றால், ஆட்டிசம் உள்ளிட்ட பிற காரணங்களை மருத்துவர் ஆராய்வார்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் மையங்கள் இயங்குகின்றன. ‘டி.இ.ஐ.சி.’ என்பது அவற்றின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்; அப்படிக் கேட்டால் வழி காட்டுவார்கள், கட்டணம் இல்லை. முதல் முறை நீங்களும் உடன் செல்லுங்கள். புது இடத்தில் குழந்தை மிரண்டு ஒடுங்கிவிடக்கூடும் என்பதால், வீட்டில் அவன் விளையாடுவதையும், அழைத்தால் என்ன செய்கிறான் என்பதையும் இரண்டு நிமிடக் காணொளியாக எடுத்துச் செல்வது மருத்துவருக்கு மிகவும் உதவும்.

குழந்தைக்கு அங்கே பயிற்சி தொடங்கினால், மையத்தில் கழியும் நேரம் வாரத்தில் சிறிதளவே; மற்றதெல்லாம் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் வீட்டில்தான் நடக்க வேண்டும். அந்தப் பொறுப்பு முழுவதும் தாயின் தலையில் விழுவதை நான் பல வீடுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆகவே தங்கையின் கணவரும் பயிற்சியாளரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துங்கள். வாரத்தில் ஒரு பிற்பகல் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டு, தங்கையை உறங்க விடுங்கள். தொலைபேசியில் பேசும்போது, ‘இன்று ஏதாவது பேசினானா?’ என்று கேட்காதீர்கள்; அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.