குழந்தை லோஷன், வெட் வைப்ஸ், பாதாம் எண்ணெய்: உங்கள் கேள்விகளுக்கு ஒரு மருந்தாளுநரின் பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் 19 ஆண்டுகளாக நிற்கிறேன். பிள்ளைகளின் தோல் பற்றி நீங்கள் அனுப்பியவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டை: அக்கா, ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்று போட்ட லோஷன்தான் தடவினேன். ஆறு மாதக் குழந்தைக்குக் கையெல்லாம் சிவந்துவிட்டது. ஒவ்வாமை வராது என்றுதானே அதற்குப் பொருள்?

இல்லை அம்மா. வாய்ப்பு குறைவு என்று தயாரிப்பவர் சொல்லிக்கொள்வது அது. சோதித்து நிரூபித்தால்தான் அந்தச் சொல்லைப் போடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1975இல் விதி கொண்டுவந்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியைத் தள்ளிவிட்டது. ‘தோல் மருத்துவர்கள் பரிசோதித்தது’ என்பதும் அப்படியே: எத்தனை பிள்ளைகளிடம், எத்தனை நாள், முடிவு என்ன என்று பாட்டிலில் இருக்காது. லோஷனை இன்றே நிறுத்துங்கள்.

காசிமேடு: ஒரு வயது மகளுக்குப் புட்டத்திலும் வாயைச் சுற்றியும் செதில் செதிலாகச் சிவப்பு. களிம்பு போட்டால் ஆறுகிறது, மறுபடி வருகிறது. டயப்பர் காரணமா?

டயப்பர் என்றால் வாய்க்கு வந்திருக்காது. இரண்டு இடத்தையும் எதைக்கொண்டு துடைக்கிறீர்கள்? வெட் வைப்ஸ் என்றால் பாக்கெட்டைத் திருப்பி, சிறு எழுத்துப் பட்டியலின் கடைசிப் பக்கம் பாருங்கள். ‘மெத்தில்ஐசோதயசோலினோன்’ இருக்கிறதா? கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் அது. மிகக் குறைந்த அளவே சேர்ப்பதால் பட்டியலின் கடைசியில் ஒளிந்திருக்கும். 2013இல் அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் அதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விடும் அழகுசாதனங்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை விதித்திருக்கிறது.

கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தாய் மூன்று களிம்பு மாற்றியிருந்தார், வைப்ஸை மட்டும் மாற்றவில்லை. பாக்கெட்டை வாங்கிப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது; அந்தப் பிள்ளையை ஒரு நாளைக்குப் பத்து முறை அதைக் கொண்டுதான் துடைத்திருந்தார்கள். வெதுவெதுப்பான நீரும் பழைய பருத்தி வேட்டித் துணியும் போதும். நிறுத்திய பிறகும் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஆறாவிட்டால் ஸ்டான்லி மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டுங்கள், பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள்.

வியாசர்பாடி: ‘மணமற்றது’, ‘நறுமணம் சேர்க்காதது’ இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. மூலப்பொருளின் வாடையை மறைக்க மணப்பொருள் சேர்த்துவிட்டு ‘மணமற்றது’ என்று போடலாம். பட்டியலில் ‘பர்ஃப்யூம்’, ‘ஃப்ராக்ரன்ஸ்’ இல்லாததை வாங்குங்கள். ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். லாவெண்டர் எண்ணெயும் ஒவ்வாமை தரும்.

திருவொற்றியூர்: எக்சிமா உள்ள பிள்ளைக்குப் பாதாம் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார் மாமியார்.

வேண்டாம். எக்சிமாவில் தோல் வறண்டு, அரித்து, வெடிக்கும். வெடித்த தோல் வழியாக உணவுப் பொருள் உள்ளே போனால், பிறகு அதைத் தின்னும்போது ஒவ்வாமை வரலாம். வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளுக்கும் வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு உண்டு என்று பிரிட்டன் பிள்ளைகளிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. மாமியாரிடம் இதைப் பதமாகச் சொல்லுங்கள், அவரும் பேரப்பிள்ளை நலத்துக்காகத்தான் சொல்கிறார்.

எண்ணூர்: புதுப் பொருளை எப்படிச் சோதிப்பது?

முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவு, காலையும் மாலையும், ஒரு வாரம் தடவுங்கள். சோப்பு, ஷாம்பூவை இப்படித் தடவிக் கழுவாமல் விடக்கூடாது. சிவந்தால் அந்தப் பொருளை நிறுத்திவிடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ என் பதிலுக்குக் காத்திராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.