கவுண்ட்டருக்கு நாளைக்கு அந்தக் காண்ட்ராக்டரும் வருவார்

கேள்வி: அக்கா, சிங்கப்பூர் அரசு நீதிமன்றப் பதிவகத்தில் நிர்வாக உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பெயர் அட்டையைப் பார்த்ததும் நம்மவர்கள் நேராக என்னிடம் வந்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பாட்டி வந்தார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பிக்க 6,000 வெள்ளி வாங்கிய காண்ட்ராக்டர், சமையலறையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாராம். "என்ன எழுதினா பணம் திரும்பக் கிடைக்கும், நீயே சொல்லும்மா" என்று அழுதார். மனசு கேட்காமல் சில வரிகள் சொல்லிக்கொடுத்தேன். மேலதிகாரி காதில் விழுந்து, எல்லார் முன்னாலும் கண்டித்தார். இன்னொரு பக்கம் பெரியப்பா. நண்பரின் மகன் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ் என்ன நிலையில் இருக்கிறது, பார்த்துச் சொல் என்கிறார். முடியாது என்றேன். "கோர்ட்டு வேலை கிடைச்சதும் திமிரு" என்று குடும்பமே பேசுகிறது. யாருக்கும் உதவ முடியாத வேலை எதற்கு, விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்: எல்லார் முன்னாலும் கண்டித்தது முறையில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்ன விஷயம் சரி. ஏன் சரி என்பதை யாரும் உங்களுக்கு உட்கார்ந்து விளக்கவில்லை போலிருக்கிறது.

பாட்டி போட்ட கேஸுக்கு எதிர்த்தரப்பு ஒன்று இருக்கிறது, இல்லையா? அந்தக் காண்ட்ராக்டர் நாளைக்கு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கவுண்ட்டருக்கே வருவார். அவரும் தமிழராக இருந்தால் அவரும் பெயர் அட்டையைப் பார்ப்பார். "தங்கச்சி, நான் என்ன பதில் எழுதணும்?" என்பார். பாட்டியின் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்த நீங்கள் அவரிடம் என்ன முகத்தோடு பேசுவீர்கள்? இந்த விஷயம் அவருக்குத் தெரியவந்தால், பாட்டி நியாயமாக ஜெயித்த கேஸைக்கூட 'கோர்ட்டு ஆளே எழுதிக்கொடுத்தது' என்று ஊரெல்லாம் சொல்வார். பாட்டி தோற்றாலோ, "அந்தப் பொண்ணு சொன்னபடிதானே எழுதினேன்" என்பார். இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வது நீங்கள்.

நானும் ஒரு அரசாங்க அலுவலகக் கவுண்ட்டரில் பல காலம் உட்கார்ந்தவள். எது சொல்லலாம், எது கூடாது என்று தடுமாறும்போது ஒரே ஒரு கேள்வி எனக்கு உதவியது: இதே வாக்கியத்தை எதிர்த்தரப்பு வந்து கேட்டால் அவரிடமும் சொல்வேனா? சொல்வேன் என்றால் அது தகவல், தாராளமாகச் சொல்லலாம். வாய் தயங்கினால் அது ஆலோசனை.

இந்த அளவுகோலோடு பாருங்கள், பாட்டிக்கு நீங்கள் சொல்லக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. சிறு தொகைக் கோரிக்கைகளைக் கேட்கும் ஸ்மால் கிளைம்ஸ் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் கோர வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, அங்கே இரு தரப்பும் வழக்கறிஞரை நிறுத்தவே முடியாது. அதனால் காண்ட்ராக்டர் பெரிய வக்கீலோடு வந்துவிடுவாரோ என்று பாட்டி தூக்கம் கெட வேண்டாம். கோரிக்கையைத் தாக்கல் செய்வது இணையவழிதான், அதற்குச் சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வேண்டும், முதலில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் முன்கூட்டியே கேட்கலாம். ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் போன்றவற்றை ஆதாரமாக இணைக்கலாம் என்று சொல்லுங்கள். அதில் எது வலுவானது, எதை முதலில் வைப்பது என்பதற்குள் போகாதீர்கள். இவ்வளவையும் நிதானமாகத் தமிழில் ஒருவர் சொல்வதே அந்த வயதில் பெரிய உதவி. சில சமயம் அழுகிறவருக்குப் பதிலைவிட பொறுமையாகக் கேட்கும் ஆள்தான் வேண்டும்.

"அப்ப என்ன எழுதுறதுன்னு யாருதான் சொல்லுவாங்க?" என்று கேட்டால் கையை விரிக்காதீர்கள். உங்கள் கட்டடத்திலேயே சமூக நீதி மையம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்காகவே 2012இல் தொடங்கியது. அங்கே இலவசச் சட்ட ஆலோசனைக்கு வழி கிடைக்கும். எந்த மாடி, எந்த நேரம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொடுங்கள். வாயால் சொன்னது, நீதிமன்றம் இருக்கும் ஹேவ்லாக் ஸ்குவேரிலிருந்து சைனாடவுன் ரயில் நிலையம் போவதற்குள் மறந்துவிடும்.

மேலதிகாரியிடம் ஒரு தடவை தனியாகப் பேசுங்கள். மன்னிப்புக் கேட்க அல்ல. "அடிக்கடி இந்தக் கேள்விகள் வருகின்றன, எதுவரை சொல்லலாம் என்று எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். நல்ல அதிகாரி என்றால் சந்தோஷப்படுவார்.

அடுத்து பெரியப்பா. இதில் தடுமாற்றமே வேண்டாம். வேலைக்குத் தேவையில்லாமல் ஒருவருடைய கேஸைக் கணினியில் திறந்து பார்த்தாலே அது கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் குற்றமாகலாம். பார்த்ததை வெளியே சொன்னால் அரசாங்க ரகசியச் சட்டமும் வரலாம். நண்பரின் மகனுக்கு இதனால் ஒரு காசு நன்மை கிடையாது. கேஸ் எங்கே நிற்கிறது என்று அவனுடைய வழக்கறிஞருக்கே தெரியும், விசாரணைப் பட்டியலை நீதித்துறை இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். இதைச் சட்டப்பிரிவாக அவரிடம் சொல்லாதீர்கள், திமிர் என்ற பேச்சு இன்னும் ஏறும். "பெரியப்பா, நான் திறந்து பார்த்தா என் பேரு பதிஞ்சிடும், வேலை போயிடும். லிஸ்ட் எங்க பாக்குறதுன்னு நான் காட்டித் தர்றேன்" என்று போனை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். முடியாது என்று சொன்னதைவிட, வெறும் கையோடு அனுப்பியதுதான் அவரைச் சுட்டிருக்கும். அப்படியும் முறைத்துக்கொண்டால் முறைத்துக்கொள்ளட்டும், அடுத்த கல்யாணத்தில் சரியாகிவிடும்.

வேலையை விடுவதா? இந்தக் காரணத்துக்காக வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, நீங்கள் ஏங்குவது கவுண்ட்டருக்கு வெளியே போவதற்கு அல்ல, அந்த ஆலோசனையைச் சொல்லும் இடத்துக்குப் போவதற்கு என்று தோன்றுகிறது. அப்படியானால் எஸ்யூஎஸ்எஸ் எனும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்பை விசாரியுங்கள். 2017இல் தொடங்கியது, குற்றவியல் சட்டத்துக்கும் குடும்பச் சட்டத்துக்கும்தான் அதில் முக்கியத்துவம், வேலை பார்த்து அனுபவப்பட்டவர்களையும் எதிர்பார்த்து அமைத்தது. கட்டணமும் காலமும் கொஞ்சம் இல்லை, அவசரப்பட வேண்டாம்.

அப்புறம் ஒன்று. பணம் கிடைத்ததும் பாட்டி முறுக்கு டின்னோடு உங்களைத் தேடி வருவார், நம் பாட்டிகளை எனக்குத் தெரியும். வாங்காதீர்கள். அரசாங்க ஊழியர் வாங்கும் பொருளை, வேறு காரணத்துக்கு என்று அவரே நிரூபிக்கும்வரை லஞ்சமாகக் கருத ஊழல் தடுப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சமையலறை வேலை முடிந்ததா என்று மட்டும் கேளுங்கள்.