கேள்வி – பதில்: கணினி சொல்லும் எண்ணை நம்பலாமா?

கேள்வி: லண்டனில் வசிக்கும் என் தந்தைக்கு (64 வயது) மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. சிடி ஆஞ்சியோகிராமில் ஒரு ரத்தக்குழாயில் 60 விழுக்காடு அடைப்பு என்றார்கள். பிறகு அந்தப் படத்தைக் கணினியில் ஆராய்ந்து, 0.77 என்று ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். இதயத்துக்குள் கம்பியே செலுத்தாமல் கிடைத்த எண்ணை நம்பலாமா?
– வாசகி ஒருவர், லண்டன்

பதில்: அடைப்பு எத்தனை விழுக்காடு என்பதைவிட, அதைத் தாண்டி இதயத் தசைக்குப் போதிய ரத்தம் போகிறதா என்பதே முக்கியம். 2009இல் வெளியான ஃபேம் ஆய்வில், படத்தில் 50 முதல் 70 விழுக்காடு வரை அடைபட்டதாகத் தெரிந்த இடங்களை, ரத்தக்குழாய்க்குள் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பியால் அளந்தபோது, ஏறத்தாழ 35 விழுக்காட்டு இடங்களில்தான் ரத்த ஓட்டம் உண்மையிலேயே குறைந்திருந்தது. தந்தையின் 60 விழுக்காடு இந்த ஐயத்துக்குரிய எல்லைக்குள்தான் வருகிறது. ஆகவே அடுத்த கட்ட ஆராய்ச்சிக்கு அனுப்பியது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

கம்பி அளப்பது, அடைப்புக்குப் பின்னுள்ள அழுத்தத்துக்கும் முன்னுள்ள அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தை. அது 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால், பின்னால் ரத்தம் போதவில்லை என்று பொருள். கணினி அதே விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. சிடி படத்திலிருந்து உங்கள் தந்தையின் ரத்தக்குழாய்களுக்கு முப்பரிமாண மாதிரி ஒன்றை அமைத்து, இதயத் தசையின் எடையைக் கொண்டு அதற்கு எவ்வளவு ரத்தம் தேவை என மதிப்பிட்டு, கடின உழைப்பின்போது ஓட்டம் பெருகுவதைப் போன்ற நிலையில், திரவ ஓட்டத்துக்கான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளுக்கு விடை காண்கிறார்கள். அறிக்கையில் குழாய்கள் நீலத்திலிருந்து சிவப்பு வரை நிறம் மாறி வருவது அழுத்தம் படிப்படியாகக் குறைவதைத்தான் காட்டுகிறது. இம்முறைக்கு அமெரிக்கா 2014இல் அனுமதி அளித்தது. எந்த மருத்துவ முறைகளைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2017இல் இதைப் பரிந்துரைத்தது.

ஆனால் கணக்கு, படத்தைவிடத் தெளிவாக இருக்க முடியாது. ஸ்கேனுக்கு முன் நாடித்துடிப்பைக் குறைக்க மாத்திரையும், குழாய்களை விரிக்க நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் மருந்தும் கொடுப்பது இதற்காகத்தான். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு மிகுதியாகப் படிந்திருந்தாலோ, மூச்சை அடக்காமல் படம் அசைந்திருந்தாலோ எண் பிசகலாம்.

0.77 என்பது 0.80 என்ற எல்லைக்கு மிக அருகில் இருப்பதால், அது அடைப்பைத் தாண்டி எவ்வளவு தொலைவில் எடுக்கப்பட்டது என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். நல்ல குழாயிலும் நுனியை நெருங்க நெருங்க இந்த எண் தானாகவே குறையும். எனவே அடைப்பிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி எடுத்த மதிப்பையே பார்க்க வேண்டும். அங்கேயும் 0.77 என்றால், கம்பி வைத்து அளந்து உறுதிசெய்வதா, மருந்தை முதலில் முயல்வதா என்பதைத் தந்தையின் நெஞ்சு இறுக்கத்தையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். இடையில் ஓய்வாக இருக்கும்போதே இறுக்கம் வந்தால், எந்த அறிக்கைக்கும் காத்திராமல் உடனே 999ஐ அழையுங்கள்.