கிளைமாக்ஸில் தீராத கோளாறு

கேள்வி: ஆளுமைக் கோளாறு உள்ள பாத்திரங்களில் யாருடைய நடிப்பு சிறந்தது? கிளைமாக்ஸில் அவர்கள் குணமாவது நம்பும்படி இருக்கிறதா? (ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: நடிப்புக்கு மதிப்பெண் போடப் பலர் இருக்கிறார்கள், கிளைமாக்ஸ் என்றீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. 2005-ஆம் ஆண்டு இரண்டு மாத இடைவெளியில் வந்த 'சந்திரமுகி'யும் 'அந்நியனு'ம்தான் நம் மக்களுக்கு இந்த விஷயத்தில் பாடப் புத்தகமாகிவிட்டன. முன்னதில், வேட்டையன் என்று நம்பவைத்த பொம்மை அழிந்ததும் நோய் தீர்கிறது. பின்னதில், சிகிச்சை முடிந்து திரும்பிய நாயகன் ஓடும் ரயிலிலிருந்து ஒருவனைத் தள்ளிவிடுகிறான். அதை நீதி என்று நாம் ஏற்கவேண்டியிருக்கிறது. இவ்விரு படங்களிலும் வருகிற, ஒருவருக்குள் பலர் இருப்பதாகச் சொல்லப்படும் அந்த நிலைக்கு இருந்த 'பல ஆளுமைக் கோளாறு' என்ற பெயரை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994-லேயே மாற்றிவிட்டது. அதே சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு ஆளுமைக் கோளாறுகளை 10 வகையாகப் பிரிக்கிறது. அந்தப் பத்தில் இது இல்லை.

அந்தப் பத்தில் இருப்பவை நம் வீட்டிலும் தொழிலிலும் நடமாடுபவை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கப்பலேற வேண்டிய சரக்கு அட்டைப்பெட்டிகளில் காத்திருக்க, லேபிள் அரை நூல் கோணலாக இருக்கிறது என்று மொத்தத்தையும் பிரிக்கச் சொல்கிறார்; வேறு யாரையும் நம்பிச் செக்கிங் மேசையை ஒப்படைக்கமாட்டார்; கெடு தவறிய பிறகும் தன்மீது பிழை இருப்பதாக அவருக்குத் தோன்றாது. வீட்டில் மகன் சோற்றுத் தட்டை வைக்கும் இடம்கூட அவர் சொன்னபடிதான். "அப்பா பாத்துட்டாருங்களா?" என்று கேட்காமல் அங்கே ஒரு ஜன்னல் திறக்காது. ஒரு குணம் இவ்வளவு இறுகி, ஆண்டுக்கணக்கில் நீடித்து, அவரையும் சுற்றியிருப்பவரையும் முடக்கும்போதுதான் மருத்துவர்கள் கோளாறு என்கிறார்கள். நம் சினிமாவிலோ இவர் கண்டிப்பான, நல்ல அப்பா. வேண்டாம் என்ற பெண்ணை விடாமல் துரத்தி, அவள் பார்க்கக் கையை அறுத்துக்கொள்பவன் உண்மைக் காதலன். கவனிக்க வேண்டிய நடத்தைக்கெல்லாம் பாட்டு வைத்துவிட்டு, கொலைகாரனுக்கு மட்டும் நோயின் பெயரைச் சூட்டுவது பெரிய அநியாயம். சிகிச்சைக்குப் போக நினைக்கிறவர் "என்னையும் அப்படி நினைப்பார்களோ" என்று பின்வாங்க இதுவே போதும்.

முன்பு இந்தப் பக்கத்தில் இதை எழுதியபோது, திரைக்கதை எழுதும் கோவை நண்பர் ஒருவர், "வாரா வாரம் டாக்டரிடம் போவதையா படமெடுப்பது?" என்று என்னோடு சண்டைக்கே வந்தார். அதைத்தான் எடுக்கச் சொல்கிறேன். ஆளுமைக் கோளாறைத் தீர்க்கவென்று தனியாக ஒரு மாத்திரை கிடையாது. பேச்சும் பயிற்சியுமே முதன்மையான சிகிச்சை. நொடிக்கு நொடி உணர்ச்சி கொந்தளித்து, தம்மையே காயப்படுத்திக்கொள்பவர்களுக்காக மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறையில், வாரம் ஒரு தனிச் சந்திப்பும் ஒரு குழுப் பயிற்சியும் வழக்கமாக ஓராண்டு நடக்கும். இளம் வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டு, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டவர் தாம் என்பதை அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். கொலையும் பேயும் இல்லாமல் இதில் ஒரு முழுப் படம் இருக்கிறது. கோவை நண்பர் எழுதினால் முதல் விமரிசனம் நானே எழுதுகிறேன்.