சங்கத்தில் சேர்ந்தால் ஊறுகாய்க்கு உரிமம் கிடைத்துவிடுமா?

கேள்வி: ஈசூனில் என் வீட்டில் மாங்காய், நார்த்தங்காய் ஊறுகாயும் மோர்மிளகாயும் தயாரித்துத் தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்காரர் வாரம் 40 பாட்டில் கேட்கிறார். உற்பத்தியாளர் சங்கத்தில் சேர்த்துவிட்டால் உரிமமும் வந்துவிடும் என்று சொல்லி ஒரு முகவர் 1,200 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உணவு உற்பத்திக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் சிங்கப்பூர் உணவு அமைப்புக்கு உண்டே தவிர, எந்தச் சங்கத்துக்கும் கிடையாது. 1967-இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் உணவு உற்பத்தியாளர் சங்கம் போன்றவை, வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு உறுப்பினர்களை அழைத்துச் செல்வது, தொழிலின் குறைகளை அரசாங்கத்திடம் எடுத்துரைப்பது போன்ற பயனுள்ள பணிகளைச் செய்கின்றன. சேர விரும்பினால் நீங்களே நேரடியாகக் கேட்கலாம். இடையில் ஒருவர் தேவையில்லை.

உங்கள் உண்மையான தடை வேறு. வீட்டில் சிறிய அளவில் தயாரித்து, உண்பவருக்கே நேரடியாக விற்க உரிமம் வேண்டியதில்லை. அதே பாட்டிலைக் கடைக்கு மொத்தமாகக் கொடுக்க இயலாது, ஏனெனில் கடைக்காரர் உரிமம் பெற்ற இடத்திலிருந்துதான் வாங்க வேண்டும்.

இந்த முகவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்ற ஆண்டு ஒரு பெண்மணி, நெகிழி உறையில் பத்திரமாக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, "இதுதான் என் உணவு உரிமம்" என்று என்னிடம் நீட்டினார். அது, தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் செய்த வணிகப் பெயர்ப் பதிவின் விவரத்தாள். ஓராண்டுப் பதிவுக்குப் பெயர் விண்ணப்பத்தையும் சேர்த்து 115 வெள்ளி ஆகும். அவரிடம் வாங்கியதோ அதைப்போல் பல மடங்கு. அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் உங்கள் சிங்பாஸ் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அந்தப் பதிவிலும் ஒரு விலக்கு உண்டு. முகவர்கள் அதைச் சொல்வதே இல்லை. அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப்பெயரிலேயே தனியாகத் தொழில் செய்தால் பதிவு தேவையில்லை. முழுப்பெயர் என்றால் முழுப்பெயர்தான்: தந்தை பெயரை விட்டுவிட்டாலோ, பின்னால் "ஊறுகாய்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தாலோ, "அம்மா கைப்பக்குவம்" என்ற பெயரில் தொழில் நடத்தினாலோ விலக்கு போய்விடும். ஆனால் இந்த விலக்கு பெயர்ப் பதிவுக்கு மட்டுமே உரியது. உணவு உரிமத்தை அது தொடுவதில்லை.

கடைக்குக் கொடுக்க எளிய வழி, ஏற்கெனவே உரிமம் பெற்ற தொழிற்கூடம் ஒன்றில் உங்கள் செய்முறைப்படி தயாரிக்க ஒப்பந்தம் செய்வதுதான். லேபிளில் சேர்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக, நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி ஆகியவற்றுடன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பூண்டை எண்ணெயில் மட்டும் ஊற வைக்கும் வகையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். புளிப்புக் குறைந்து காற்றும் புகாத இடத்தில் உயிருக்கே ஆபத்தான நச்சுக் கிருமி வளரும்.

வீட்டு அடுப்புக்கும் முழுத் தொழிற்சாலைக்கும் நடுவே, வாரம் 40 பாட்டில் போடுபவருக்கென்று ஒரு படி இல்லாதது பெருங்குறை. பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். இந்த இடைவெளியில்தான் முகவர்கள் பிழைக்கிறார்கள். கூடத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன், அதன் பெயரும் உரிம எண்ணும் உணவு அமைப்பின் இணையப் பட்டியலில் இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.