சிறு ஊரிலிருந்து பெருநகரத்துக்குப் போனபோது உங்களை வியக்க வைத்த நவீன வசதி எது?

சென்னை மெட்ரோ ரயில். வேலை விஷயமாக நான் அதில் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் அம்மாவை அழைத்துக்கொண்டு போன நாளில்தான் அங்கே என்னென்ன இருக்கின்றன என்பதையே கவனித்தேன். ஆகவே இது பாதி அம்மாவின் பதில்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயிலை அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தினார்கள். மறுபடியும் ஊருக்குப் பயணிகள் ரயில் வந்தது 2023 ஜூனில். 12 ஆண்டுகளுக்கு மேல் ரயிலே இல்லாமல் இருந்த ஊரில், இப்போது வாரத்துக்கு மூன்று நாள் இரவு ஏறினால் காலையில் சென்ட்ரலில் இறங்கலாம். 2024-இல் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது அந்த ரயிலில்தான் போனோம். தங்கை வீடு ஆலந்தூரில்.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஏலக்காய் ஸ்டோரில் 30 ஆண்டுகளுக்கு மேல் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கியவர். படிக்கட்டைப் பார்த்தாலே முகம் வாடிவிடும். சென்ட்ரலில் இறங்கியதும், "பூமிக்கு அடியில் போக வேண்டும் அம்மா" என்றேன். "எத்தனை படி?" என்றுதான் முதலில் கேட்டார். ஒரு படிகூட இறங்க வேண்டியதில்லை என்றதை அவர் நம்பவில்லை. நகரும் படிக்கட்டின் அருகே போனதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பின்வாங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற காவலர், "அம்மா, லிஃப்ட் இந்தப் பக்கம்" என்று காட்டினார். லிஃப்டில் இறங்கி நடைமேடையில் கால் வைத்ததும் அம்மா ஒருமுறை மேலே அண்ணாந்து பார்த்தார். "மேலே பஸ் ஓடுகிறதா இப்போது?" என்றார். "பஸ் மட்டுமா, கூவமே ஓடுகிறது. அதற்கும் அடியில்தான் ரயில் போகப் போகிறது" என்றேன்.

அதற்கு முன்பு டிக்கெட். கவுன்டரில் தந்த தாளில் கட்டம் கட்டமாக ஒரு குறி அச்சாகியிருக்கும். அதைக் கண்ணாடியின் மேல் காட்டினால் தடுப்பு விலகும். அம்மா தயங்கித் தயங்கிக் காட்டினார், திறந்தது. உள்ளே போனதும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிழிக்கவே இல்லையே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

சுரங்க நிலையங்களில் நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் இருக்கிறது. ரயில் வந்து, அதன் கதவும் சுவரின் கதவும் நேருக்கு நேர் நின்ற பிறகுதான் இரண்டும் திறக்கும். யாரும் தவறி விழ முடியாது, உள்ளே இருக்கும் குளிர்ச்சியும் வீணாகாது. பேருந்து நிற்பதற்குள் ஏறிவிட வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் ஓடிப் பழகியவர் அம்மா. ரயில் வந்து நின்று, கதவு திறந்து, அவர் மெதுவாகக் கால் எடுத்து வைக்கும்வரை அது காத்திருந்தது. உட்கார்ந்த பிறகு, "நம்மை யாரும் விரட்டவில்லை" என்றார்.

ஆலந்தூருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று கோயம்பேட்டைச் சுற்றிப் போகும், மற்றது அண்ணா சாலைக்கு அடியில் போகும். நாங்கள் இரண்டாவதில் போனோம். சைதாப்பேட்டை வரை சுரங்கம். அதைத் தாண்டி, சின்னமலை வருவதற்குள் ரயில் தரைக்கு மேல் ஏறிவிடும். கண்ணாடி முழுக்க வெயில் அடித்தது. "இன்னொரு தடவை விடிகிறது" என்றார் அம்மா. ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் தமிழில் அறிவித்துக்கொண்டே வந்ததில் அவருக்குப் பெரிய நிம்மதி. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். போர்டைப் படிப்பதற்குள் பேருந்து போய்விட்டால் யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்டால் சிலர் எரிந்து விழுவார்கள். இங்கே யாரையும் கேட்காமலே இறங்கும் இடம் தெரிந்தது.

ஆனால் அவர் அதிக நேரம் நின்று பார்த்தது வேறொன்றை. ஆலந்தூரில் இறங்கியபோது, தரையில் பதித்திருந்த மஞ்சள் கற்கள் ஏன் இப்படிப் புடைத்திருக்கின்றன என்று கேட்டார். பார்வை இல்லாதவர்கள் காலாலும் கைத்தடியாலும் தடவி வழி அறிவதற்காக என்றேன். நீளக் கோடுகள் இருந்தால் நேரே நடக்கலாம்; புள்ளிகள் வந்தால் நின்று கவனிக்க வேண்டும், படியோ திருப்பமோ இருக்கிறது என்று பொருள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை அந்தக் கல்லின் மேல் வைத்தார். நடந்துகொண்டிருந்தவர்கள் விலகிப் போனார்கள். அவர் அவசரப்படவே இல்லை. கோட்டின் மேல் நாலு அடி, புள்ளியின் மேல் இரண்டு அடி. "தெரிகிறது தம்பி" என்றார். அத்தனை ஆண்டு அந்த நிலையங்களில் நடந்தும் ஒருநாள்கூட எனக்கு அப்படிச் செய்து பார்க்கத் தோன்றியதில்லை.

பேத்தியோடு பத்து நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பினோம். எங்கள் தெருவில் கண் தெரியாத பாட்டி ஒருவர் இருக்கிறார், முன்பு அம்மாவோடு காய் பொறுக்கியவர். மறுநாள் காலையிலேயே அம்மா அவர் வீட்டுக்குப் போனார். சென்னையில் என்ன பார்த்தாய் என்று பாட்டி கேட்டதற்கு, குளிர்ச்சியையும் கண்ணாடிக் கதவையும் விட்டுவிட்டு மஞ்சள் கல்லைத்தான் முதலில் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், பாட்டியின் உள்ளங்கையில் விரலால் நீளமாகக் கோடு இழுத்துக் காட்டினார். பிறகு விரல் நுனியால் புள்ளி புள்ளியாகத் தொட்டார்.

"இது வந்தால் நிற்க வேண்டும், இல்லையா?" என்றார் பாட்டி.