சக ஊழியர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தால் வேலைத்திறன் கூடுமா?

கூடும், ஆனால் முதலில் கொஞ்சம் குறையும். சொல்லித்தருபவரின் நேரம் போகிறதே! பிறகுதான் பலன்: ஒரே பழுதுக்கு இரண்டு பேர் தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொள்வது நிற்கும், ஒருவர் விடுப்பில் போனாலும் வேலை தேங்காது.

ஜெராக்ஸ் நிறுவனம் 1990-களில் யுரேகா என்ற ஏற்பாட்டில் இதைச் செய்தது. நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள் கண்டுபிடித்த வழிகளை அனுபவசாலிகள் சரிபார்த்து, கண்டுபிடித்தவரின் பெயரோடு மற்றவர்களுக்கும் கிடைக்கச் செய்தார்கள். அந்தப் பெயர்தான் ஆட்களை எழுதவைத்தது.

சொதப்புவது எல்லாவற்றையும் ஆவணமாக்கப் பார்க்கும்போது. அறிகுறி, காரணம், தீர்வு, தேதி என நாலு வரி போதும்; தேதியில்லாத குறிப்பு பழசானபின் ஆளைக் கவிழ்த்துவிடும். கைப்பழக்கம் எழுத்தில் வராது. பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, கற்பவரே செய்ய வேண்டும். தனிநபர் தரவரிசைப்படி ஊக்கத்தொகை தரும் இடத்தில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.